குழாய் வரும் பின்னே, காந்தமானி வரும் முன்னே: இங்கிலாந்தின் நிலத் தொல்லியல் ஆய்வுச் சேவை, ஒரு மதிப்பீடு

குடிநீர்க் குழாய் புதைக்க ஒரு மீட்டர் அகலப் பள்ளம் போதும். 600 மி.மீ. குழாய், அதன் தலைக்கு மேல் 90 செ.மீ. மண், அடியில் ஒரு சாண் படுகை என்று கணக்குப் போட்டால் ஆழமும் ஒன்றரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இந்தப் பள்ளத்துக்குப் போய் இத்தனை ஆய்வா என்று கேட்பவர்கள், குழாய் வேலை நடக்கும் வயலை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். வெட்டி எடுத்த மேல்மண்ணை ஒரு பக்கம் கரையாகக் குவிக்க வேண்டும். அடிமண்ணை அதோடு கலக்காமல் இன்னொரு கரையாகக் குவிக்க வேண்டும். குழாய்களை வரிசையாகக் கிடத்தி இணைக்க இடம் வேண்டும், லாரியும் பொக்லைனும் போய்வர ஒரு வண்டித்தடம் வேண்டும். எல்லாம் சேர்ந்தால் 20 முதல் 40 மீட்டர் அகலத்துக்கு மேல்மண் உரிக்கப்படும். பள்ளம் ஒரு மீட்டர். அடிபடுவது முப்பது மீட்டர். தொல்லியல் செலவு ஏன் இவ்வளவு என்ற கேள்விக்குப் பாதி விடை இந்த அகலத்தில்தான் இருக்கிறது.

மீதி விடை மண்ணுக்குள் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் லெட்கம் புரூக் என்ற சுண்ணாம்புப் பாறை ஓடை ஒன்று உண்டு. அதன் அருகே நிலத்தடி நீரை உறிஞ்சுவதைக் குறைத்து, ஊர்களுக்கு வேறிடத்திலிருந்து தண்ணீர் கொண்டுவர தேம்ஸ் வாட்டர் நிறுவனம் புதுக் குழாய் போட்டது. அந்த வேலையின்போது சில்ட்ரி வாரன் என்ற இடத்தில் இரும்புக் காலத்தையும் ரோமானியர் காலத்தையும் சேர்ந்த 26 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. 2019-ல் செய்தி வெளியானது. அகழ்ந்தவர்கள் காட்ஸ்வொல்டு ஆர்க்கியாலஜி அமைப்பினர். ஓர் எலும்புக்கூடு கிடைத்தாலே 1857-ஆம் ஆண்டின் அடக்கச் சட்டப்படி நீதி அமைச்சகத்திடம் உரிமம் வாங்கித்தான் எடுக்க முடியும். குழாய் போடுகிறவருக்கு இதன் பொருள் என்ன? அந்த இடத்தில் எந்திரம் நிற்கும். வாடகை மட்டும் ஓடும்.

அதனால்தான் இங்கிலாந்தில் தண்ணீர் நிறுவனங்கள் குழாய்த் தடத்துக்கு முன்கூட்டியே தொல்லியல் ஆய்வை விலைக்கு வாங்குகின்றன. ஆவண ஆய்வு, கருவி ஆய்வு, மாதிரிக் குழிகள், மேற்பார்வை அகழ்வு, வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று கவனிக்கும் காவல் என்று படிப்படியாக விற்கப்படும் சேவை இது. இதில் எந்தப் படி காசுக்குத் தகும், எது தகாது, எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதே இங்கே பேச்சு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: சேவை நல்ல சேவை. வாங்குகிற நேரம்தான் பெரும்பாலும் தப்பு. தடம் வளைய இடம் இருக்கும்போது வாங்கினால் இது வழிகாட்டி. தடம் இறுகிப்போன பிறகு வாங்கினால், என்னென்ன உடையப் போகிறது என்று காட்டும் விலை உயர்ந்த படம்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். தண்ணீர் நிறுவனங்கள் நிலத்தடியில் போடும் குழாய்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாகத் திட்ட அனுமதி தேவையில்லை. அனுமதிக்கப்பட்ட வளர்ச்சி என்ற வகையில் அவை அடங்கும். ஆகவே கட்டாயம் வேறு வாசல்களிலிருந்து வருகிறது. 1991-ஆம் ஆண்டின் தண்ணீர்த் தொழில் சட்டம் 3-ஆம் பிரிவில், தொல்லியல் முக்கியத்துவம் உள்ள இடங்களைக் காப்பது விரும்பத்தக்கது என்பதைக் கருத்தில் கொள்ளும் கடமையை நிறுவனத்தின் தலையில் வைக்கிறது. அரசு பட்டியலிட்டுக் காக்கும் நினைவுச் சின்னம் என்றால் 1979-ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டப்படி ஒப்புதல் வாங்காமல் மண்வெட்டி வைக்க முடியாது. அந்த எல்லைக்குள், மண்ணின் காந்தத்தை அளக்கும் காந்தமானியைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்கே அதே சட்டத்தின் 42-ஆம் பிரிவின் கீழ், தொல்சின்னங்களைக் கவனிக்கும் பொது அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்திடம் உரிமம் வேண்டும். தோண்டத்தானே கூடாது, நடந்தால் என்ன என்று நினைத்துக் களத்தில் இறங்குவது புதிதாக வரும் பொறியாளர்கள் செய்யும் வழக்கமான பிழை.

முதல் படியான ஆவண ஆய்வு மலிவானது. மேசையில் உட்கார்ந்தபடி செய்வது. மாவட்ட வரலாற்றுச் சூழல் பதிவேடு, 1840-களை ஒட்டிய தசமபாக வரி வரைபடங்கள், அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் முதல் பதிப்பு வரைபடங்கள், ஸ்விண்டனில் உள்ள வான்படக் காப்பகம், சுற்றுச்சூழல் முகமை இலவசமாகத் தரும் லிடார் (விமானத்திலிருந்து லேசரால் அளந்த) உயரத் தரவு, உழவர்களும் உலோகம் தேடுவோரும் பதிவுசெய்த கண்டெடுப்புகள் எல்லாவற்றையும் தடத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்க வேண்டும். நல்ல நிறுவனம் தடத்தின் இருபுறமும் ஒரு கிலோமீட்டர் வரை பார்க்கும். மோசமான நிறுவனம் பதிவேட்டில் இருக்கும் புள்ளிகளை அப்படியே பட்டியலாக்கி அனுப்பிவிடும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. அறிக்கையில் வெறுமையாக இருக்கும் பகுதிகளுக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு பள்ளத்தாக்கில் பதிவு எதுவும் இல்லை என்றால், ஆள் வாழாததாலா, யாரும் தேடாததாலா, ஆற்று வண்டல் மூடியதாலா? இந்த மூன்றில் எது என்று சொல்லாத அறிக்கைக்குக் காசு கொடுப்பது வீண். சுண்ணாம்பு மண்ணில் வறண்ட கோடையில் பயிர் மேலேயே பழைய அகழியின் கோடு பச்சையாகத் தெரியும். களிமண்ணில் அப்படித் தெரிவது அபூர்வம். வான்படத்தில் ஒன்றுமில்லை என்பது களிமண் வயலுக்கு நற்சான்று ஆகாது.

அடுத்தது காந்தமானி ஆய்வு. இந்தச் சேவையின் உயிரே இங்கேதான்.

சங்கதி எளியது. மனிதன் வாழ்ந்த மண்ணில் தீ எரிந்திருக்கும், குப்பை மக்கியிருக்கும். இரண்டும் மண்ணில் உள்ள இரும்புத் தாதுவைக் கூடுதல் காந்தத் தன்மை கொண்டதாக மாற்றும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டிய அகழி காலப்போக்கில் இந்த மேல்மண்ணால் நிரம்பும். சுற்றியுள்ள அடிமண்ணைவிட அது ஒரு துளி அதிகக் காந்தம் காட்டும். எவ்வளவு துளி? பிரிட்டனில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 49,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). அகழி காட்டும் வித்தியாசம் 1 முதல் 10 நானோடெஸ்லா. சூளையும் அடுப்பும் இதைவிடப் பல மடங்கு கத்தும். சுட்ட களிமண் ஆறும்போது அன்றைய காந்தப்புலத்தைத் தன்னுள் உறைய வைத்துக்கொள்கிறது.

இந்தச் சிறு வித்தியாசத்தைப் பிடிக்க, ஒரே குழலில் ஒரு மீட்டர் இடைவெளியில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு உணரிகளை வைத்து, கீழது காட்டுவதிலிருந்து மேலது காட்டுவதைக் கழிக்கிறார்கள். பூமியின் புலமும் நாள்முழுக்க அது ஏறி இறங்குவதும் இரண்டு உணரிக்கும் பொது என்பதால் கழிந்துபோகும். காலடி மண்ணின் குரல் மட்டும் மிஞ்சும். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் விட்னியில் தயாராகும் பார்டிங்டன் கிராட் 601-2 இந்தத் தொழிலில் நெடுங்காலமாக எல்லோர் தோளிலும் தொங்கும் கருவி. இரண்டு குழல்கள், நடுவே ஒரு மீட்டர். ஒருவர் தூக்கி நடந்தால் ஒரே நடையில் இரண்டு வரிகள் பதிவாகும்.

வழக்கமான களமுறை இப்படி. 30-க்கு 30 மீட்டர் கட்டம் குறிப்பார்கள். வரிக்கு வரி ஒரு மீட்டர், வரியின் நெடுக 25 செ.மீ.-க்கு ஓர் அளவு. ஒரு கட்டத்துக்கு 3,600 அளவுகள். ஒரு ஹெக்டேருக்கு ஐந்து கிலோமீட்டர் நடை. ஒருவர் நாளுக்கு இரண்டு ஹெக்டேர் செய்தால் நல்ல வேகம், பத்துக் கிலோமீட்டர் நடந்துவிட்டார் என்று பொருள். வரி இடைவெளியை அரை மீட்டராக்கினால் அளவுகள் 7,200 ஆகும், வேகம் பாதியாகும். ஆனால் ஒரு மீட்டர் வரிகளுக்கு நடுவே நழுவிவிடும் சிறு குழிகள் அதில் அகப்படும். இப்போது ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் அரை மீட்டரைத்தான் பரிந்துரைக்கின்றன. தள்ளுவண்டியிலோ நாலு சக்கர பைக்கின் பின்னாலோ பல உணரிகளைக் கட்டி இழுக்கும் முறையில் ஒரு நாளில் பத்து ஹெக்டேருக்கு மேல் முடியும். குழாய்த் தடத்துக்கு இழுவை வண்டி கணக்கில் மலிவு, நடைமுறையில் எப்போதும் மலிவில்லை. வயலுக்கு வயல் வேலி, வாயிற்கதவு, சேறு. சின்னச் சின்ன வயல்கள் அடுத்தடுத்து வரும் பகுதியில் வண்டியை ஏற்றி இறக்கும் நேரத்தில் ஆள் நடந்தே முடித்துவிடுவார். விலைப்புள்ளி கேட்கும்போது ஹெக்டேர் விலையோடு, எத்தனை வயல்கள் என்பதையும் சொல்லிக் கேளுங்கள்.

கருவி எங்கே சறுக்குகிறது? பெரும்பாலும் காலையிலேயே. உணரிகள் வண்டியின் கதகதப்பிலிருந்து வயலின் குளிருக்கு வந்து நிலைப்பட இருபது நிமிடமாவது வேண்டும். அதன் பிறகு, வயலில் காந்தச் சலசலப்பு இல்லாத ஓர் இடத்தைத் தேடி, கருவியைத் தரையிலிருந்து நன்றாக உயர்த்தி, நான்கு திசையும் திருப்பிச் சமன் செய்ய வேண்டும். அவசரப்பட்டுப் புதைந்த ஆணிக்கு மேல் நின்று சமன் செய்தால் அன்றைய நாள் முழுக்கக் கோணல். வெயில் ஏறினால் ஒன்றிரண்டு மணிக்கு ஒரு முறை மறுபடி செய்ய வேண்டும். நடப்பவர் உடம்பில் இரும்பு கூடாது: பெல்ட் கொக்கி, ஜிப், சாவி, செல்போன், எஃகு முனை பூட்ஸ், உள்ளாடையின் கம்பி வரை. கட்டுமானத் தளத்தில் எஃகு முனை பூட்ஸ் கட்டாயம், காந்தமானிக்கு அதே பூட்ஸ் விஷம். இந்த முரணைப் பாதுகாப்பு அதிகாரியிடம் முன்கூட்டியே எழுதி வாங்காமல், குழு வாசலிலேயே ஒரு நாள் நிற்பது நடக்கிற கதைதான். இரும்பில்லாத கூட்டுப்பொருள் முனை பூட்ஸ் கடையில் கிடைக்கிறது.

போகவும் வரவும் அளந்துகொண்டே நடப்பதில் இன்னொரு கோளாறு. நடை வேகம் கொஞ்சம் பிசகினால், ஒற்றைப்படை வரிகள் ஒரு பக்கமும் இரட்டைப்படை வரிகள் மறுபக்கமும் விலகி, நேரான அகழி படத்தில் ரம்பப் பல்லாகத் தெரியும். மென்பொருளில் சரி செய்யலாம். எவ்வளவு சரி செய்தார்கள் என்று அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும்.

குழாய்த் தடத்துக்கே உரிய பெரிய பிழை வேறு. கேட்டால் சின்ன விஷயம் போலிருக்கும். தடம் குறுகலானது, நீளமானது. நடப்பவருக்குத் திரும்பும் எண்ணிக்கை குறையட்டும் என்று தடத்தின் போக்கிலேயே வரிகளை நீளமாக ஓட்டுகிறார்கள். பிறகு படத்தில் வரிவரியாகத் தெரியும் கோடுகளை நீக்க, ஒவ்வொரு வரியின் சராசரியையும் பூஜ்யமாக்கும் செயல்முறையை ஓட்டுவார்கள். வழக்கமான, நியாயமான செயல்முறைதான். ஆனால் அந்த வரியோடு இணையாக ஒரு பழைய அகழி ஓடினால்? வரி முழுக்க அதே உயர்ந்த அளவு; சராசரியைக் கழித்ததும் அகழியே மறைந்துபோகும். ரோமானியச் சாலையின் ஓரமாகக் குழாய் போகும் இடங்களில் சாலையோரப் பள்ளங்கள் இப்படித்தான் படத்திலிருந்து துடைக்கப்படுகின்றன. வரிகளைத் தடத்துக்குக் குறுக்கே ஓட்டச் சொல்லுங்கள், அல்லது பதப்படுத்தாத மூலத் தரவின் படத்தையும் கேளுங்கள். இரண்டையும் மறுக்கும் நிறுவனத்தை விட்டுவிடலாம்.

அகலமும் அப்படியே. வேலைத் தடம் 30 மீட்டர் என்றால் ஆய்வும் 30 மீட்டரே என்று ஒப்பந்தம் போடுவது சிக்கனம் போலத் தெரியும். 30 மீட்டர் பட்டையில் ஒரு வளைந்த கோடு தெரிகிறது. அது வட்டக் குடிசையைச் சுற்றிய பள்ளமா, பெரிய குடியிருப்பு வளாகத்தின் மூலையா, பழைய வயல் வரப்பா? பட்டைக்குள் இருந்து சொல்ல முடியாது. 100 மீட்டர் அகலம் பார்த்திருந்தால் வளாகமும் தெரியும், அதைச் சுற்றிக் குழாயை எந்தப் பக்கம் 40 மீட்டர் நகர்த்தினால் தப்பிக்கலாம் என்பதும் தெரியும். 10 கி.மீ. தடத்துக்கு 30 மீட்டர் என்றால் 30 ஹெக்டேர். 100 மீட்டர் என்றால் 100 ஹெக்டேர். மூன்று மடங்குக்கு மேல். உண்மைதான். ஆனால் ஒரு முழுக் குடியிருப்பை அகழ்ந்தெடுக்கும் செலவோடு ஒப்பிட்டால் அந்தக் கூடுதல் 70 ஹெக்டேர் நடைக்கூலி கொசுறு. எங்கள் கணக்கில் இந்தச் சேவையில் அதிகம் வாங்க வேண்டிய ஒரே பொருள் அகலம்.

இனி, காந்தமானிக்குத் தெரியாதவை. பெட்டியோ கல்லோ இல்லாமல் மண்ணில் புதைத்த உடல் பெரும்பாலும் தெரியாது. எடுத்த மண்ணையே திரும்ப மூடியிருப்பதால் வித்தியாசம் எழுவதில்லை. மரத்தூண் நட்ட குழிகள் சின்னவை, தப்பிவிடும். ஒரு மீட்டருக்கு மேல் வண்டல் மூடிய ஆற்றோரங்களில் கருவி வண்டலை மட்டும் பார்த்துவிட்டு வரும். ஏற்கெனவே ஓர் இரும்புக் குழாய் ஓடினால் அதன் இருபுறமும் பத்து, சில இடங்களில் இருபது மீட்டர் வரை படம் கறுப்பும் வெள்ளையுமாகக் கொதித்து எல்லாவற்றையும் விழுங்கிவிடும். புதுக் குழாயைப் பழைய குழாயின் பக்கத்திலேயே போடுவது தண்ணீர் நிறுவனங்களின் வழக்கம் என்பதால் இது விதிவிலக்கு அன்று, அன்றாடம். கம்பி வேலி ஓரம் சில மீட்டர்கள் போகும். மின்கோபுரத்தடியில் இன்னும் அதிகம்.

புதிதாக ஒரு தலைவலி சேர்ந்திருக்கிறது: குப்பை உரம். நகரத் தோட்டக் கழிவிலிருந்து தயாராகும் மக்கு உரத்தில் ஆணி, மூடி, உலோகத் தாள் துணுக்குகள் கலந்து வருகின்றன. அதை வயலில் ஒரு முறை பரப்பிவிட்டால் காந்தப் படம் முழுக்க உப்பும் மிளகும் தூவினாற்போல ஆகிவிடும். அடியில் ரோமானிய மாளிகையே இருந்தாலும் தெரியாது. கழுவ வழியில்லை. ஆகவே நில உரிமையாளரிடம் அனுமதி கேட்கும் படிவத்தில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும்: கடந்த ஆண்டுகளில் இந்த வயலுக்கு மக்கு உரம் போட்டீர்களா? போட்டிருந்தால் அந்த வயலுக்குக் காந்தமானிச் செலவை மிச்சப்படுத்தி நேராக மாதிரிக் குழிக்குப் போய்விடலாம்.

மாற்றுக் கருவிகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மின்தடை அளவி கல் சுவரையும் தளத்தையும் நன்றாகக் காட்டும்; மண்ணில் முனைகளைக் குத்திக் குத்தி அளப்பதால் நாளுக்கு ஒரு ஹெக்டேர் முடிந்தாலே பெரிது, மண் ஈரத்தைப் பொறுத்து விடையும் மாறும். தரை ஊடுருவும் ரேடார் ஆழத்தையும் சேர்த்துச் சொல்லும். ஈரக் களிமண்ணில் அலை இறங்காது. இரண்டையும் முழுத் தடத்துக்கு வாங்காதீர்கள். காந்தமானி சந்தேகத்தைக் கிளப்பிய இடத்துக்கு மட்டும் போதும்.

கருவி ஆய்வின் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஊகம். மண்ணைத் திறந்தால்தான் உறுதி. மாதிரிக் குழி என்பது வழக்கமாக 30 அல்லது 50 மீட்டர் நீளம், சுமார் இரண்டு மீட்டர் அகலம். தடத்தின் பரப்பில் இத்தனை சதவீதம் என்று மாவட்டத் தொல்லியல் அலுவலர் கேட்பார்; 2 முதல் 5 வரை சாதாரணம். 30 மீட்டர் அகலம், 10 கி.மீ. தடத்துக்கு 4 சதவீதம் என்றால் 12,000 சதுர மீட்டர், அதாவது 50-க்கு 2 மீட்டர் குழிகள் 120. இதில் எல்லாக் குழியையும் காந்தப் படத்தில் கறுத்த இடங்களிலேயே வைத்தால் அது சோதனை ஆகாது. வெறுமையாகத் தெரிந்த இடத்திலும் குழி வைக்க வேண்டும். கருவி எதைத் தவறவிட்டது என்று அங்கேதான் தெரியும். வண்டல் மூடிய ஆற்றங்கரையில், உரம் கெடுத்த வயலில், பழைய குழாயின் நிழலில் குழிகளை நெருக்கமாக வையுங்கள்.

குழி எடுக்கும் முறையில் ஒரு நுணுக்கம். பொக்லைனுக்குப் பல் இல்லாத, விளிம்பு மழுங்கிய பக்கெட் மாட்ட வேண்டும். பல் உள்ள பக்கெட் அடிமண்ணைக் கீறிவிடும். கீறல்களுக்கு நடுவே மரத்தூண் நட்ட குழியின் கறையை யாரும் பிரித்தறிய முடியாது. எந்திரம் பின்னோக்கி நகர்ந்தபடி, திறந்த மண்ணின் மேல் ஒருபோதும் ஏறாமல், ஒரு நடைக்குப் பத்து செ.மீ. கனத்துக்குச் சீவ வேண்டும். பக்கத்தில் நிற்கும் தொல்லியலாளர் கையை உயர்த்தியதும் நிற்க வேண்டும். நல்ல ஓட்டுநர் சீவிய தரை, தச்சன் இழைத்த பலகை மாதிரி இருக்கும். வெளிர்ந்த சுண்ணாம்பு மண்ணில் பழைய குழி ஒரு காப்பிக் கறை போல வட்டமாகத் தெரியும். வெயில் பட்டு அரை மணி நேரம் காய்ந்தால் அந்தக் கறையும் மங்கத் தொடங்கும். அதனால் சீவிய உடனே விளிம்பைக் கொத்திக் குறித்துவிடுவார்கள். குழிகள் போன்ற தனித்தவற்றில் பாதியையும், நீண்ட அகழிகளில் பத்து சதவீதம் அல்லது அதற்கு மேலும், அடுப்பு, சடலம் என்றால் முழுவதையும் தோண்டிப் பார்ப்பது வழக்கம்.

குழாய் ஒப்பந்தக்காரர்கள் மேல்மண்ணை புல்டோசரால் தள்ளவே விரும்புவார்கள், வேகமாக முடியும். தொல்லியலுக்கு அது நாசம். கத்தி மண்ணை அரைத்து இழுக்கும், சங்கிலி உரித்த தரையின் மேலேயே ஓடும். மழை நாளில் 30 செ.மீ. ஆழத்துக்குத் தடம் பதியும். உழவுக்குத் தப்பி இரண்டாயிரம் ஆண்டு இருந்த குழியின் மிச்சமே சில இடங்களில் அவ்வளவு ஆழம்தான். ஆகவே முக்கியமான வயல்களில் மேல்மண்ணை யார், எந்த எந்திரத்தால், யார் மேற்பார்வையில் உரிப்பது என்பது தொல்லியல் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தால் பயனில்லை. குழாய் ஒப்பந்தக்காரரின் ஒப்பந்தத்திலும் அதே வரி இருக்க வேண்டும். இரண்டு தாளிலும் இல்லாத நிபந்தனை வயலில் இல்லை.

கடைசியாக விற்கப்படும் காவல் சேவை, அதாவது குழாய்க்காரர் தோண்டும்போது ஒரு தொல்லியலாளர் பக்கத்தில் நிற்பது. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருவதே தாராளம். ஒரு மீட்டர் அகலப் பள்ளம், ஒன்றரை மீட்டர் ஆழம், பக்கத் தாங்கல் இல்லாமல் உள்ளே இறங்க அனுமதி இல்லை, எந்திரம் நிற்காமல் முன்னேறுகிறது. மேலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு என்ன தெரியும்? ஒரு கறை தெரிந்தாலும் அது அகழியா குழியா என்று சொல்ல ஒரு மீட்டர் சன்னல் போதாது. முந்தைய படிகளில் ஆபத்து குறைவு என்று தெரிந்த வயல்களுக்கு இது சரி. முந்தைய படிகளுக்குப் பதிலாக இதை மட்டும் வாங்கும் திட்டங்கள்தாம் நடுவழியில் நிற்பவை.

படத்தில் ஏதாவது அகப்பட்டுவிட்டால் வழி மூன்று. தடத்தை நகர்த்தலாம். நகர்த்த முடியாவிட்டால், கிடைமட்டத் துளையிட்டு அடியில் குழாயை இழுக்கலாம். ஆனால் துளை தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பெரிய குழிகள் வேண்டும், அந்தக் குழிகளைச் சின்னத்தின் மேலேயே குறித்த வரைபடங்களும் உண்டு. பட்டியலிட்ட சின்னம் என்றால் அடியில் துளைக்கவும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்தைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மூன்றாவது, அகழ்ந்து பதிவு செய்துவிட்டுக் கடந்து போவது. இதுவே விலை கூடியது. அகழும் செலவோடு முடியாது: பானை ஓடு, எலும்பு, விதை, கரி ஆகியவற்றின் ஆய்வு, அறிக்கை, காப்பகம் என்று அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் பில் வரும். விலைப்புள்ளியில் களவேலைக்குப் பிந்தைய பகுதி தனி வரியாக இல்லை என்றால் அது மலிவான விலைப்புள்ளி அன்று, முழுமையடையாத விலைப்புள்ளி.

கையில் வாங்கிக்கொள்ள வேண்டியவை: பதப்படுத்தாத அளவுத் தரவு, பதப்படுத்திய சாம்பல்நிறப் படம், விளக்கப் படம் மூன்றும் ஒரே அளவுகோலில், பொறியாளர் தம் வரைபடத்தில் நேரடியாக ஏற்றக்கூடிய இடவரைபடக் கோப்பு. வெறும் பி.டி.எஃப். அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். அதை வைத்துக்கொண்டு குழாயை 40 மீட்டர் நகர்த்த முடியாது. சாம்பல்நிறப் படத்தின் அளவெல்லையையும் பாருங்கள். கறுப்பு வெள்ளை எல்லை ஒரு வயலுக்கு 1 நானோடெஸ்லா, அடுத்த வயலுக்கு 10 என்று மாறிமாறி இருந்தால், ஒரு வயல் வெறுமையாகவும் அடுத்தது நிரம்பியும் தோன்றுவது மண்ணால் அன்று, அச்சால்.

நம் நாட்டு வாசகருக்கு ஒரு பக்கக் குறிப்பு. இந்தியாவில் 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டத்துக்கு 2010-ல் வந்த திருத்தம், காக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைப்பகுதி என்றும் அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குமுறைப் பகுதி என்றும் வகுத்தது. ஆனால் கட்டுமானம் என்ற சொல்லுக்கு அதே சட்டம் தரும் விளக்கத்தில், பொதுமக்களுக்குத் தண்ணீர் வழங்கும் பணிகள் சேராது என்று விலக்கியிருக்கிறது. வீடு கட்டுகிறவர் தடையில்லாச் சான்றுக்கு அலைய வேண்டும், குடிநீர்க் குழாய்க்கு அந்த அலைச்சல் இல்லை. குழாய் பதிக்கத் தோண்டியபோது முதுமக்கள் தாழி கிடைத்தது என்று நம் செய்தித்தாள்களில் அவ்வப்போது வரும் செய்தி, தாழி உடைந்த பிறகு எழுதப்படும் செய்தியாகவே இருப்பதற்கு இந்த விலக்கும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுபடி இங்கிலாந்துக்கு, வாங்கும் நேரத்துக்கு. காந்தமானி நடைக்கு உகந்த நிலம் கோதுமை அறுத்த தாள் நிற்கும் வயல். ஆகஸ்டில் அறுவடை, செப்டம்பர் அக்டோபரில் மறு விதைப்பு. நடுவே கிடைப்பது சில வாரங்கள். உழுதுவிட்டால் கட்டிகளுக்கு மேல் சீராக நடக்க முடியாது, குளிர்காலக் களிமண்ணில் வண்டி இறங்காது, மக்காச்சோளம் வளர்ந்துவிட்டால் கருவியே நுழையாது. உழவர்களிடம் அனுமதி வாங்க ஒரு மாதம், களமுறைத் திட்டத்தை மாவட்ட அலுவலர் ஏற்க இன்னொரு மாதம் என்று வைத்தால், கொள்முதல் ஆணை ஜூனில் கையெழுத்தாகியிருக்க வேண்டும். செப்டம்பரில் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் அடுத்த அறுவடை வரை காத்திருப்பார், அல்லது காவல் சேவையை மட்டும் வாங்கிக்கொண்டு தோண்டத் தொடங்குவார்.